எரிக் லிடெல்: இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து, 100 மீட்டர் பந்தயத்தையே விட்டுவிட்டவர் எரிக் லிடெல். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, சீனாவில் ஜப்பானியர் வைத்திருந்த தடுப்பு முகாமில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் ஹாக்கி ஆட்டத்துக்கு நடுவராக நின்றவரும் அதே லிடெல்தான். முதல் செய்தியை உலகமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் குறைவு. சொன்னாலும் அடிக்குறிப்பு போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இடைப்பட்ட காலத்தில் அவர் முறைப்படி குருப்பட்டம் பெற்ற போதகராகியிருந்தார். இளமையில் நெகிழ்ந்திருப்பவர்கள் பட்டம் பெற்றபின் இறுகிப்போவதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இவரிடம் அது தலைகீழாக நடந்திருக்கிறது. அந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. விடை தேட ஓட்டப் பந்தயத்தைவிட ரக்பி மைதானம் அதிகம் உதவும் என்பது என் கணிப்பு. அதைவிடவும் உதவுவது அவருடைய பள்ளிப் பருவம்.

விட்டுவிட்டுப் போன பெற்றோர்

லிடெல் பிறந்தது 1902 ஜனவரி 16 அன்று, சீனாவின் தியான்ஜின் நகரில். பெற்றோர் இருவரும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள். தந்தை ஜேம்ஸ் லிடெல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர். நாகர்கோவில், நெய்யூர் பக்கத்தாருக்கு 'லண்டன் மிஷன்' என்றால் விளக்கம் தேவையில்லை, அதே சங்கம்தான்.

அந்தச் சங்கத்து மிஷனரிகளின் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கமான பாதை இருந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் இங்கிலாந்துக்கு அனுப்பி, மிஷனரிகளின் ஆண்பிள்ளைகளுக்கென்றே நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். 1908-ல் எட்டு வயது ராபையும் ஆறு வயது எரிக்கையும் அங்கே விட்டுவிட்டுப் பெற்றோர் சீனாவுக்குத் திரும்பினார்கள். எல்தம் கல்லூரி என்று பிற்பாடு பெயர் பெற்ற பள்ளி அது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெற்றோரை அவன் பார்த்தது அபூர்வம். இடையில் முதல் உலகப் போர் வேறு.

இதைக் கொடுமை என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. பையனும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. அதிகம் பேசாத, கூச்ச சுபாவம் கொண்ட பிள்ளை. பேச்சில் காட்டாததை மைதானத்தில் காட்டினான். பள்ளியின் கிரிக்கெட் அணிக்கும் ரக்பி அணிக்கும் தலைவன் ஆனான். இத்தனைக்கும் தற்பெருமை என்பது துளியும் இல்லாதவன் என்று தலைமையாசிரியர் வியந்திருக்கிறார். ஆனாலும் பெற்றோர் கடல் கடந்திருக்க, மைதானமே வீடாக வளர்ந்த பிள்ளை என்ற இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முகாமில் அவர் எடுத்த முடிவை இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

சம்பளம் இல்லாத ஆட்டம்

1920-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அண்ணன் ராப் அங்கே ஏற்கெனவே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். இரண்டே ஆண்டுகளில் தம்பி ஸ்காட்லாந்து தேசிய ரக்பி அணியில் இருந்தார்.

அவர் ஆடியது விங் இடத்தில். பதினைந்து பேர் கொண்ட அணியில் பக்கக் கோட்டை ஒட்டி நிற்பவர் விங். நடுவில் கனத்த உடம்புக்காரர்கள் முட்டி மோதி எடுக்கும் பந்து, கைமாறிக் கைமாறிக் கடைசியாக அவரிடம் வந்து சேரும். வந்த நொடியில், கோட்டுக்கும் எதிராளிக்கும் நடுவே கிடைக்கும் குறுகலான சந்தில் புகுந்து ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்ற வேண்டும். அதுதான் ட்ரை. அன்றைய கணக்கில் அதற்கு மூன்று புள்ளிகள். லிடெல் ஸ்காட்லாந்துக்காக ஆடிய ஏழு ஆட்டங்களில் நான்கு ட்ரை போட்டார். உள்பக்கம் நின்று அவருக்குப் பந்து கொடுத்தவர் லெஸ்லி கிரேசி. இருவரும் சேர்ந்தால் எதிரணிக்குத் தலைவலி.

முதல் ஆட்டம் 1922 ஜனவரி 2, பிரான்சுக்கு எதிராக, பாரிஸை அடுத்த கொலோம்ப் மைதானத்தில். 3-3 என்று சமனில் முடிந்தது. நாட்காட்டியைப் புரட்டினால் ஒரு சுவையான விவரம் கிடைக்கிறது. அந்த ஆண்டு புத்தாண்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் நடந்தது திங்கட்கிழமை. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை மைதானம் பூட்டித்தான் கிடக்கும். சனிக்கிழமைதான் ஆட்ட நாள். ஆகவே ஓய்வுநாள் என்ற பிரச்சினையை ரக்பி அவர் முன் ஒருபோதும் வைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கொலோம்ப் மைதானத்துக்கு அவர் திரும்பி வந்தபோதுதான் அது எழுந்தது.

1923 பருவத்தின் நான்கு ஆட்டங்களிலும் ஆடினார். பிரான்ஸை வென்றார்கள். பிப்ரவரியில் கார்டிஃபில் வேல்ஸை 11-8 என்று வீழ்த்தினார்கள். அந்த ஊரில் ஸ்காட்லாந்து வென்றது 1890-க்குப் பிறகு அதுவே முதல் முறை. கடைசி நேரத்தில் வெற்றி ட்ரை போட்ட கிரேசியை வேல்ஸ் ரசிகர்களே தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தோற்கடித்தவனைத் தூக்கிக் கொண்டாடும் கூட்டத்தை இன்றைக்குக் கற்பனை செய்வதே கடினம். அயர்லாந்தையும் வென்ற பிறகு, மார்ச்சில் எடின்பரோவின் இன்வர்லீத் மைதானத்தில் இங்கிலாந்திடம் 8-6 என்று தோற்றார்கள். லிடெலின் கடைசி சர்வதேச ரக்பி ஆட்டம் அது.

இந்த ஆட்டத்தில் காசு கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று இங்கிலாந்தின் வடபகுதிக் கிளப்புகள் கேட்டன. மறுக்கப்பட்டதும் 1895-ல் தனியே பிரிந்து போயின. ரக்பி லீக் பிறந்தது அப்படித்தான். பழைய ரக்பி யூனியனோ அதற்குப் பிறகும் சரியாக நூறு ஆண்டுகள், 1995 ஆகஸ்ட் வரை, சம்பளத்தை அனுமதிக்கவில்லை. அதிலும் ஸ்காட்லாந்து நிர்வாகிகளின் கறார் பேர்போனது. போரில் ஒரு கண்ணை இழந்த ஜாக் வீம்ஸ் என்ற ஆட்டக்காரர் 1920-ல் அணிக்குத் திரும்பி ஜெர்சி கேட்டபோது, உனக்குத்தான் 1914-லேயே ஒன்று கொடுத்தாயிற்றே என்று பதில் வந்ததாம். கஞ்சத்தனத்தையே கொள்கையாக உயர்த்திவிட்டவர்கள் அவர்கள்.

வெறும் வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. சம்பளம் இல்லாத இடத்தில் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஆட்டக்காரனைப் பிடித்துவைக்கும் கயிறும் இல்லை. லிடெல் 1923-ல் ரக்பியை நிறுத்தினார். இறைப்பணிக்காக ரக்பியைத் துறந்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. உண்மை அவ்வளவு புனிதமானதன்று: ஒலிம்பிக் ஓட்டத்துக்குத் தயாராக வேண்டும், கால் முறிந்தால் எல்லாம் போய்விடும். அவ்வளவுதான். அந்தக் கோடையிலேயே 100 கஜத்தை 9.7 விநாடிகளில் ஓடினார். அந்த பிரிட்டிஷ் சாதனை இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

ஆர்மடேல்: ஆட்டக்காரரை அழைத்தால் கூட்டம் வரும்

எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே ஆர்மடேல் என்றொரு சுரங்கத் தொழிலாளர் ஊர். 1923 வசந்தத்தில் அங்கே கிளாஸ்கோ மாணவர்களின் நற்செய்திக் குழு ஒன்று கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தது. ஊர் ஆண்கள் எட்டிப் பார்க்கவில்லை. குழுவை நடத்திய டி. பி. தாம்சனுக்கு ஒரு யோசனை. எடின்பரோவில் ஒரு ரக்பி ஆட்டக்காரர் இருக்கிறார், மிஷனரி வீட்டுப் பிள்ளை. அவரை மேடையேற்றினால் ஆண்கள் வருவார்கள்.

தாம்சன் நேரில் போய்க் கேட்டார். லிடெல் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு, சரி, வருகிறேன் என்றார். அதுவரை பொதுமேடையில் தன் நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிராதவர். மறுநாள் காலையில் சீனாவிலிருந்து தங்கை ஜென்னியின் கடிதம் வந்தது. அதில் ஏசாயா தீர்க்கதரிசியின் வசனம்: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." ஏப்ரல் 6 அன்று ஆர்மடேலில் சுமார் எண்பது பேர் முன்னால் பேசினார். சொல்வன்மை ஏதும் இல்லை. அமைதியாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசினார் என்பதே கேட்டவர்களின் நினைவு. அடுத்த நாள் ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது.

தேதிகளை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்கு எதிரான கடைசி ரக்பி ஆட்டம் மார்ச்சில். முதல் பிரசங்கம் ஏப்ரல் தொடக்கத்தில். அவரைப் போதகர் மேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே ரக்பிதான். ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய சுரங்கத் தொழிலாளிக்கு, கறுப்பு அங்கிக்காரரைவிட விங் ஆட்டக்காரரின் பேச்சில் நம்பிக்கை இருந்தது.

ரக்பியிலிருந்து திருச்சபைக்குப் போனவர்கள் பிரிட்டனில் இவருக்கு முன்பும் பின்பும் உண்டு. லக்னோ முற்றுகையில் ஆங்கிலேயப் படையை நடத்திய தளபதி இங்லிஸின் மகன் ரூபர்ட் இங்லிஸ் 1886-ல் இங்கிலாந்துக்காக ரக்பி ஆடினார். பிறகு கிராமத்துத் திருச்சபையின் குருவானார். ஐம்பது வயதைக் கடந்தபின் படைக்குருவாகப் போய், 1916-ல் சொம் போர்முனையில், காயம்பட்டவர்களை எடுத்துவரும் வேலையில் இறந்தார். அயர்லாந்தின் ராபின் ரோ 1950-களில் தேசிய ரக்பி அணியின் ஹூக்கர், அதாவது முன்வரிசையின் நடு ஆட்டக்காரர். 1967-ல் ஏடனில் படைக்குருவாக இருந்தபோது காட்டிய துணிவுக்கு ராணுவப் பதக்கம் பெற்றவர். வசதியானவர்களின் தனியார் பள்ளி, பல்கலைக்கழகம், மைதானம், தேவாலயம் எல்லாம் ஒரே வர்க்கத்தின் ஒரே தெருவில் இருந்த காலம் அது. ஆகவே லிடெல் அந்தத் தெருவில் நடந்ததில் வியப்பில்லை. எவ்வளவு தூரம் நடந்தார் என்பதில்தான் அவர் வேறுபடுகிறார்.

பாரிஸ், சுருக்கமாக

இந்தப் பகுதியை நீட்ட எனக்கு விருப்பம் இல்லை, எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தெரிந்ததில் ஒரு பிழை இருக்கிறது. 1981-ல் வெளிவந்து ஆஸ்கர் வாங்கிய ஆங்கிலப் படம், கப்பல் ஏறும் வேளையில்தான் அவருக்குச் செய்தி தெரிந்ததாகக் காட்டியது. அப்படியில்லை. தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என்பது பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்ற கட்டளைக்கு அவர் வீட்டில் விலக்கு கிடையாது. 100 மீட்டரையும், ஞாயிறு அன்று விழுந்த இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டார். 200, 400 மீட்டர்களுக்குப் பயிற்சி எடுத்தார். நாட்டுக்கு வர வேண்டிய பதக்கத்தைக் கைவிடுகிறாரே என்ற முணுமுணுப்பு எழுந்தது. அவர் வாக்குவாதத்துக்குப் போகவில்லை.

அந்த ஞாயிறு பாரிஸில் உள்ள ஸ்காட்லாந்துக்காரர்களின் தேவாலயத்தில் பேசினார். 200 மீட்டரில் வெண்கலம் வென்றார். ஜூலை 11 அன்று 400 மீட்டர் இறுதிப் போட்டி. காலையில் அணியின் உடம்பு பிடித்துவிடும் ஊழியர் ஒருவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார். "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற வேத வசனம் அதில் இருந்தது. மற்றவர்கள் யாரும் கண்ணில் படாத வெளிக்கோடி ஓடுபாதை அவருக்குக் கிடைத்திருந்தது. முதல் பாதியையே குறுந்தூர ஓட்டம் போல ஓடி, அதே வேகத்தை விடாமல் 47.6 விநாடிகளில் முடித்தார். இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஹொரேஷியோ ஃபிட்ச் 48.4.

இந்த முடிவின் விலையைச் சரியாக நிறுக்க வேண்டும் என்றால், பின்னால் வந்தவர்களோடு ஒப்பிட வேண்டும். நியூசிலாந்தின் மைக்கேல் ஜோன்ஸ் ஞாயிற்றுக்கிழமை ரக்பி ஆடுவதில்லை. 1987 உலகக் கோப்பையின் அரையிறுதியில் அதனால் ஆடவில்லை. 1995 உலகக் கோப்பைக்கு, முக்கிய ஆட்டங்கள் ஞாயிறு அன்று விழுந்ததால், அணியிலேயே எடுக்கப்படவில்லை. ஸ்காட்லாந்தின் யூவன் மரே 2011 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுடனான ஞாயிறு ஆட்டத்தை விட்டார். மரே சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர். அவர் மறுக்கும்போது முதலாளி, ஒப்பந்தம், வயிற்றுப்பாடு எல்லாம் கூடவே வருகின்றன. லிடெலுக்கு இந்தச் சுமை இல்லை. அவர் இழந்தது ஒரு பந்தயத்தை. அதை அவமதிக்கவில்லை, ஆனால் அவர் வாழ்க்கையின் பெரிய துறவு என்று அதைச் சொல்வது மிகை. அதோடு, அந்த இழப்பு முழுக்க முழுக்க அவருடையது. வேறு எவர் தலையிலும் அது விழவில்லை.

பாரிஸிலிருந்து திரும்பிய சில நாட்களில் பட்டமளிப்பு விழா. தலையில் ஒலிவ இலை மாலை சூட்டி, மாணவர்கள் தோளில் சுமந்து ஊர்வலம் போனார்கள். உம்மைத் தாண்டிப் போகக்கூடியவர் தேர்வாளர் ஒருவரே என்ற பொருளில் பல்கலைக்கழகத் தலைவர் சிலேடை பேசினார்; தாண்டுவதற்கும் தேர்ச்சி தருவதற்கும் ஆங்கிலத்தில் 'பாஸ்' என்ற ஒரே சொல்தான்.

தியான்ஜின், பிறகு சியாவ்சாங்

1925-ல், 23 வயதில், எடின்பரோவை விட்டுப் புறப்பட்டு சைபீரிய ரயில் வழியாகச் சீனா போனார். ஓட்டத்தின் உச்சத்தில் இருந்தவர் அவர். இன்னொரு ஒலிம்பிக் காத்திருந்தது. இதுதான் உண்மையான துறவு; ஆனால் இதைப் படமாக்க யாருக்கும் தோன்றுவதில்லை. புறப்படும் முன் ஓராண்டு எடின்பரோவின் இறையியல் கல்லூரியில் படித்தார்.

அவர் போய் இறங்கிய சீனா கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்த மே மாத இறுதியில்தான் ஷாங்காயில் ஆங்கிலேய அதிகாரிகளின் கீழ் இருந்த போலீஸ் ஊர்வலத்தின் மீது சுட்டிருந்தது. வெளிநாட்டார் என்றாலே வெறுப்பு. தியான்ஜினில் மிஷன் நடத்திய ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் அறிவியலும் விளையாட்டும் கற்பித்தார். வசதியான சீனக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த இடம். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே ஓடின. 1932-ல் விடுமுறையில் ஸ்காட்லாந்து போனபோது சபையாட்சித் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். ஆயர், பேராயர் என்ற அடுக்குகள் இல்லாத மரபு அது. 1934-ல் கனடிய மிஷனரி வீட்டுப் பெண்ணும் பயிற்சி பெற்ற நர்ஸுமான ஃபுளோரன்ஸ் மெக்கென்ஸியை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

1937-ல் சங்கம் அவரைச் சியாவ்சாங் என்ற உள்நாட்டுக் கிராமப் பகுதிக்குப் போகச் சொன்னது. அண்ணன் ராப் அங்கே மிஷன் மருத்துவமனையில் மருத்துவர். எளிதில் எடுத்த முடிவு அன்று. மனைவியையும் குழந்தைகளையும் தியான்ஜினில் விட்டுவிட்டுத்தான் போக முடியும். நகரங்களும் ரயில் பாதையும் ஜப்பானியர் கையில்; வயல்வெளிகளில் கம்யூனிஸ்ட்டுகளும் தேசியப் படையினரும் கொள்ளைக் கும்பல்களும். மண் வீடுகளும் மண் மதில்களுமான அந்தச் சமவெளியில் சைக்கிளிலும் நடந்தும் ஊர் ஊராகப் போனார்.

போதகர் என்பவர் அங்கே என்ன வேலை செய்தார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கோயில் ஒன்றில் காயம்பட்ட சீனச் சிப்பாய் நாட்கணக்கில் கிடந்தான். வீட்டில் சேர்த்தால் ஜப்பானியர் தொலைத்துவிடுவார்கள் என்று ஊரார் பயந்தார்கள். மாட்டு வண்டியோ கழுதை வண்டியோ எது போனாலும் வழியில் பறித்துக்கொள்வார்கள். ஒரு வண்டிக்காரர் மட்டும், நீங்கள் கூட வந்தால் வருகிறேன் என்றார். லிடெல் கூடப் போனார். திரும்பும் வழியில் இன்னொருவர்: ஜப்பானிய அதிகாரி வாளால் தலையை வெட்ட முயன்று, கழுத்தில் ஆழமாக வெட்டுப்பட்டு, செத்தார் என்று விடப்பட்டவர். இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். சிப்பாய் பிழைக்கவில்லை. கழுத்து வெட்டுப்பட்டவர் பிழைத்தார். அவர் ஓவியர், நன்றியாகப் பியோனி மலர் ஓவியம் வரைந்து கொடுத்தார்.

1941-ல் நிலைமை முற்றியது. மூன்றாவது குழந்தையைச் சுமந்திருந்த ஃபுளோரன்ஸையும் இரண்டு பெண்களையும் கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டு லிடெல் சீனாவில் தங்கினார். மூன்றாவது மகள் டொரன்டோவில் பிறந்தாள். அந்தக் குழந்தையை அவர் பார்க்கவே இல்லை.

வெய்ஷியன் முகாம்

1943 மார்ச்சில் ஜப்பானியர் அவரை ஷான்டோங் மாகாணத்தின் வெய்ஷியனில் இருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முன்பு அமெரிக்க மிஷன் வளாகமாக இருந்த இடம். மதிலுக்குள் வணிகர்கள், மிஷனரிகள், துறவிகள், இசைக்காரர்கள் என்று ஆயிரத்து ஐந்நூறு பேர் வரை அடைபட்டிருந்தார்கள். அதே ஆண்டு பின்பகுதியில் சீஃபூ பள்ளியின் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சீன உள்நாட்டு மிஷனின் பள்ளி அது. பலருடைய பெற்றோர் சீனாவின் வேறு மூலைகளில். பெற்றோரைப் பல ஆண்டுகளாகப் பார்க்காத மிஷனரிப் பிள்ளைகள்.

லிடெல் அவர்களுக்கு 'அங்கிள் எரிக்' ஆனார். கணிதமும் அறிவியலும் கற்பித்தார். புத்தகம் இல்லாத இடத்தில் வேதியியல் பாடத்தைக் கையால் எழுதி, கருவிகளைப் படமாக வரைந்து கொடுத்தார். தண்ணீர் இறைத்தார், கரி சுமந்தார், உடைந்த ஹாக்கி மட்டைகளுக்குத் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டார். அதே முகாமில் இளைஞராக இருந்து பின்னாளில் பெயர்பெற்ற அமெரிக்க இறையியலாளரான லாங்டன் கில்கி, முகாமிலிருந்த மிஷனரிகளின் சின்னத்தனங்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதியவர். அவரே லிடெலைப் பற்றி எழுதும்போது குரல் மாறிவிடுகிறது. மாலை வேளைகளில் இளைஞர்கள் நடுவே சதுரங்கப் பலகைமீதோ சிறு படகு பொம்மைமீதோ குனிந்திருக்கும் லிடெலைத்தான் அவர் நினைவுகூர்கிறார்.

இனி அந்த ஞாயிறு. முகாமில் விளையாட்டுகளுக்குப் பொறுப்பு லிடெல். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இல்லை என்பது அவர் வைத்த ஒழுங்கு. அடைத்து வைக்கப்பட்ட பதின்ம வயதினருக்கு அந்த ஒரு நாள் தாங்கவில்லை. பெரியவர்களைக் கேட்காமல், ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம் பெண்பிள்ளைகள் ஒரு பக்கமாக ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை. ஆட்டம் அடிதடியில் முடிந்தது.

பொறுப்பாளர்கள் இத்தகைய இடத்தில் வழக்கமாகச் செய்வது என்ன என்று நமக்குத் தெரியும்: பார்த்தீர்களா, அதற்குத்தான் சொன்னேன். லிடெல் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாமே நடுவராகப் போய் நின்றார்.

அவர் தன் நம்பிக்கையை மாற்றிக்கொண்டதற்கு எந்தச் சான்றும் இல்லை. தனக்காக ஞாயிறு அன்று ஓடியிருப்பாரா என்று கேட்டால், முகாமிலும் ஓடியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பாரிஸில் விதியைக் காத்ததன் விலையை அவரே கொடுத்தார். வெய்ஷியனில் அதே விதியைக் காத்திருந்தால், விலையைப் பிள்ளைகள் கொடுத்திருப்பார்கள். கட்டளையைத் தன் மேல் சுமத்திக்கொள்ளத் தயங்காதவர், அதைப் பிறர் பிள்ளைகளின் முதுகில் ஏற்ற மறுத்திருக்கிறார். ஏன் குறிப்பாகப் பிள்ளைகள்? ஆறு வயதில் உறைவிடப் பள்ளியில் விடப்பட்டு, மைதானத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் வளர்ந்த மிஷனரிப் பையன், சீஃபூ பிள்ளைகளிடம் தன்னையே பார்த்திருப்பார் என்பது என் ஊகம். ஆவணத்தில் இல்லை. ஆனால் வேறு எந்த விளக்கமும் இவ்வளவு பொருந்தவில்லை.

ஸ்டீபன் மெட்காஃப் என்ற சிறுவனின் கதையும் இதோடு சேர்ந்தது. "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற வசனத்தை லிடெல் வகுப்பில் எடுத்து, ஜப்பானியக் காவலர்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். பையன்களுக்கு அது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. கடைசிக் குளிர்காலத்தில், மெட்காஃபின் காலணி தேய்ந்து ஒழிந்திருப்பதைப் பார்த்த லிடெல், தான் பந்தயங்களில் அணிந்த பழைய காலணியை ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரம் கழித்து லிடெலின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் மெட்காஃபும் ஒருவர். போருக்குப் பின் மெட்காஃப் மிஷனரியானார். போன நாடு ஜப்பான்.

யார் கொடுத்த விலை

லிடெல் இறந்தது 1945 பிப்ரவரி 21 அன்று, 43 வயதில். பல வாரங்களாகத் தலைவலி. வேலைப்பளுவால் நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அன்றுதான் மனைவிக்கு எழுதிய கடிதத்திலும் அவர் அதையே சொல்லியிருக்கிறார். மூளையில் கட்டி இருந்தது இறந்தபின் தெரிந்தது. ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்கப் படைவீரர்கள் பாராசூட்டில் இறங்கி முகாமை விடுவித்தார்கள். 1991-ல் எடின்பரோ பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கிரானைட் கல் கொண்டுவந்து அங்கே நினைவுக்கல் நட்டது. "அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள்" என்ற ஏசாயா வசனம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது சீனத் தரப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. கைதிகள் பரிமாற்றத்தில் தனக்குக் கிடைத்த இடத்தை அவர் ஒரு கர்ப்பிணிக்கு விட்டுக்கொடுத்தாராம். அவர் குடும்பத்துக்கே அது புதிய செய்தி. முகாமில் இருந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. நானும் இதை இந்த ஆய்வின் கணக்கில் சேர்க்கவில்லை. உறுதியான செய்திகளே வேண்டிய அளவு இருக்கின்றன.

சேர்க்க வேண்டியது வேறொன்று. பாரிஸில் இழப்பு முழுக்க அவருடையது என்று எழுதினேன். சியாவ்சாங்குக்கும் 1941-க்கும் அந்த வாக்கியம் பொருந்தாது. அங்கே இழப்பில் பெரும்பங்கு ஃபுளோரன்ஸுடையது, மூன்று பெண்களுடையது. பிறர் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைக்காக வளைந்துகொடுத்தவர், சொந்தப் பிள்ளைகள் தந்தையில்லாமல் வளர நேரும் என்று தெரிந்தே தங்கினாரா? தெரிந்திருக்க முடியாது, போர் எவ்வளவு நீளும் என்று 1941-ல் யாருக்குத் தெரியும். ஆனால் அவரை ஆறு வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்த அதே மிஷன் வழக்கம், அவர் கையாலேயே இன்னொரு தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வழக்கத்தை அவர் கேள்வி கேட்டதாக எங்கும் காணோம்.

இறந்த செய்தி ஃபுளோரன்ஸை எட்டியது மே மாதத்தில். அவர் டொரன்டோவில் மறுபடியும் நர்ஸ் வேலைக்குப் போனார்; மூன்று பெண்களையும் வளர்த்தார்; பிற்பாடு மறுமணம் செய்துகொண்டார்; 1984-ல் காலமானார்.